முத்தும் மத்தியும் ஒன்றான கதை

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். முன்பே ஒருவர் செய்து வைத்த நூலின் முடிவுகளை ஏற்றுக்கொண்டு, பின்வருபவர் தமக்கு வேண்டிய மாறுதல்களைச் சேர்த்துச் செய்வது வழிநூல் என்பது பவணந்தியார் தரும் விளக்கத்தின் சாரம். அவர் செய்த நன்னூலே தொல்காப்பியத்தின் வழிநூல்தான். வான்மீகியின் கதையை எடுத்துக்கொண்ட கம்பரை நோக்கி, 'கதை இரவல்தானே, நீர் செய்தது என்ன?' என்று யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை. ஆனால் சென்ற கல்வியாண்டின் முடிவில், நாம் பணிபுரியும் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில், நான்கு மாணவர்களைப் பார்த்து அக்கேள்வி கேட்கப்பட்டது. அதனைக் குறித்தே இக்கட்டுரை. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் கணினிப் பேச்சா என்று விலகிச் சென்றுவிட வேண்டா. பேச்சு விரைவிலேயே புள்ளியிலும் உயிர்மெய்யிலும் வந்து நிற்கும்.

தூத்துக்குடியில் தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினித் துறையில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அத்துறையின் இறுதியாண்டு மாணவர் ஒரு பருவக் காலத்துக்குள் செயல்திட்டம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். நூலகக் கணக்கு, மருந்துக்கடைக் கணக்கு, வருகைப் பதிவேடு என்று ஆண்டுதோறும் அதே தலைப்புகள் வலம் வரும். நெய்தல் திணையின் கருப்பொருள்களை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "ஐயா, எங்க தாத்தா பேசுற சொல்லுல பாதி எனக்கே புரியாது. அதையெல்லாம் சேத்து வைக்க ஒரு தளம் செய்யலாமா? கம்ப்யூட்டர் சார் சரின்னுட்டாங்க. சொல்லுக்குப் பொருள் எழுத மட்டும் நீங்க வேணும்" என்றாள். நாம் இசைந்தோம். அவளோடு மூவர் சேர்ந்தனர்.

இதில் இழக்கப்படுவது என்ன என்பதை வெளியூர் அன்பர்களுக்காகச் சற்று விரித்துரைப்போம். தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். 1955-இல் தொடங்கி நடந்துவந்த குளிப்பு அவ்வாண்டோடு நின்றது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. (1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இக்கரையிலேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். அது வேறு கதை.) இருபது வயதில், கல்லின் கனத்தோடு கடலுக்குள் இறங்கிக் கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்தவர்க்கு இன்று வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், அடித்தரையின் பெயர், கயிற்றின் பெயர் என அவர்கள் நாவில் இருக்கும் சொற்கள் வேறெங்கும் இல்லை. நிகண்டுகளில் தேடினால் கடலுக்கு அடுக்கடுக்காய்ப் பெயர் கிடைக்கும். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை இக்கரையார் 'நீவாடு' என்பதை அங்கே காண முடியாது.

நம் மாவட்டத்தின் கரிசல் பகுதி இவ்வகையில் நல்லூழ் உடையது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டுக் கரிசல் சொற்களைக் காத்து வைத்தார். கடற்கரைக்கு நாவலாசிரியர்கள் வாய்த்தனர். மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', தோணித் தொழிலைப் பேசும் 'கொற்கை' ஆகியவற்றில் இச்சொற்கள் உயிரோடு உலவுகின்றன. எனினும் நாவலில் உலவும் சொல்லை எந்த ஊரார், எத்தொழிலார், எப்பொருளில் வழங்கினர் எனத் தனித்தனியே பதிந்து வைப்பது அகராதியின் வேலை. சொல்லை ஒலியாகவும் கேட்க முடிந்தால் இன்னும் நன்று. கணினிக்கு அங்கேதான் இடம்.

முதல் வாரத்திலேயே பூசல் வந்தது. தளத்தை அடி முதல் முடி வரை தம் கையால் எழுதுவதா, முன்பே ஆயத்தமாக இருக்கும் வலைச் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வதா? மாணவர் 'ஃபிரேம்வொர்க்' என்பதையே சட்டகம் என்கிறோம். நால்வரில் நன்றாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவன் முன்னதை வற்புறுத்தினான். பிறர் செய்த சட்டகத்தில் நம் சொற்களைக் கொட்டுவது மாணவன் செய்யும் வேலையா, நிரல் எழுதக் கற்பதற்குத்தானே செயல்திட்டம் என்பது அவன் வாதம். துறையின் வழக்கமும் அவன் பக்கமே இருந்தது. அறிக்கையின் பின்னிணைப்பில் மாணவர் எழுதிய நிரல் வரிகளை அச்சிட்டுத் தரவேண்டும். பக்கம் தடித்தால் மதிப்பு.

மாணவி அதற்குச் சொன்ன மறுமொழி இது: "எங்க அப்பா வலைக்கு நூலா நூக்காரு? கடையில நைலான் வலைய வாங்கி, நம்ம கடலுக்குத் தக்கன மேல மிதப்பும் கீழ ஈயமும் கட்டுறாரு. புடிச்ச மீனை வலைக் கம்பெனி மீனுன்னு யாரும் சொல்றதில்லியே."

பூசல் அத்தோடு ஓயவில்லை. ஆனால் வேலை நடக்கவேண்டி, 'ஜாங்கோ' என்னும் சட்டகத்தை எடுத்துக்கொள்வது என முடிவாயிற்று. அவர்கள் வகுப்பில் பயின்ற பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்பதே முதற்காரணம்.

ஒரு வலைத்தளத்தின் வேலைகளில் பெரும்பகுதி எல்லாத் தளங்களுக்கும் பொது. பயனரை உள்ளே விடுதல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தில் எழுதுதல், எழுதியதை எடுத்துப் பக்கமாக அடுக்குதல் ஆகியவற்றை ஒருமுறை செவ்வையாகச் செய்து, நடுவில் நம் பொருளுக்கு இடம் விட்டு வைத்திருப்பதே சட்டகம். வெண்பாவின் சீரும் தளையும் நாம் பிறக்குமுன்பே வரையறுக்கப்பட்டவை. பொருள் மட்டும் பாடுபவருடையது. யாப்பு என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்பதுதானே பொருள். இன்னொன்றிலும் இவ்வொப்புமை பொருந்துகிறது. இலக்கியம் முன்னது, அதிலிருந்து எடுக்கப்பட்ட இலக்கணம் பின்னது என்று நாம் வகுப்பில் சொல்கிறோம் அல்லவா? ஜாங்கோவும் அவ்வாறே பிறந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் சிற்றூரின் செய்தித்தாள் அலுவலகத்தில், அன்றாடச் செய்திக்கு விரைந்து பக்கம் செய்ய வேண்டியிருந்த ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் ஒவ்வொரு தளத்திலும் திரும்பத் திரும்பச் செய்த வேலையைப் பிரித்தெடுத்ததில் உருவானது அது. 2005 சூலையில் யாவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் கலைஞரின் பெயரை வைத்தனர். ஓராண்டு முன்னதாக 2004-இல் வந்த 'ரூபி ஆன் ரெயில்ஸ்' சட்டகமும், நடைமுறையில் இருந்த ஒரு மென்பொருளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே.

கையால் எழுதுவதன் பெருமையைப் பேசுவோர் கடவுச்சொல்லை மறந்துவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழு ஒன்று முழுவதும் தாமே எழுதிய தளம் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பயனர் அனைவரின் கடவுச்சொற்களும் ஒரு பட்டியலில், எழுதியது எழுதியபடியே கிடந்தன. தரவுத்தளத்தைத் திறப்பவர் எவரும் படிக்கலாம். ஜாங்கோ அதனை ஒருவழியாக உருமாற்றி வைக்கிறது. உருமாறியதிலிருந்து மூலத்தைப் பெறவியலாது. மறுமுறை தரப்படும் சொல்லையும் அவ்வாறே உருமாற்றி ஒப்பிடலாம், அவ்வளவே. பலர் பல்லாண்டு பட்டறிந்து சேர்த்த இத்தகைய காவல்களை இருபது வயது மாணவன் நான்கு மாதத்தில் எழுதிவிட முடியாது. எழுதுவதாகச் சொன்னால் நாம் நம்புவதற்கில்லை.

தமிழில் இவ்வழியைப் பெரிய அளவில் கடைப்பிடித்தோர் ஈழத்தார். 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளையே தன் தளத்துக்கு எடுத்துக்கொண்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்தின் முயற்சி அது. நூல்களையும் இதழ்களையும் தேடிப் பிடித்து, மின்வருடி, பட்டியலிட்டு ஏற்றுவதே அவர்களது வேலை. தளத்தை இயக்கும் மென்பொருளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் அத்தனை தாள்கள் கரையான் வாய்க்குப் போயிருக்கும். பின்னர்ச் சுவடிகள், ஒலிப்பதிவுகள் முதலியவற்றுக்காக 'ஆவணகம்' தொடங்கியபோதும் 'ஐலண்டோரா' என்னும் ஆயத்த மென்பொருளையே அவர்கள் தேர்ந்தனர். நம் மாணவரும் மீடியாவிக்கியை எண்ணிப் பார்த்தனர். சொல், ஊர், தொழில், சொன்னவர் வயது, ஒலி எனப் புலம் புலமாகப் பிரித்து வைக்கும் தேவை இருந்ததால் ஜாங்கோவே நின்றது.

இனி நாம் சொன்ன புள்ளிக்கு வருவோம்.

தளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பக்கம் உண்டு. பக்கத்தின் முகவரியில் அச்சொல்லே வரவேண்டும் என்று மாணவர் விரும்பினர். தலைப்பைத் தந்தால் முகவரிக்குத் தகுந்த வடிவாக்கித் தரும் செயற்கூறு ஒன்று ஜாங்கோவில் ஆயத்தமாக உள்ளது. 'முத்து' என்று தந்தார்கள், ஒன்றும் வரவில்லை. இயல்பு நிலையில் அது ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் களைந்துவிடும். பிறமொழி எழுத்துகளை விட்டுவைக்குமாறு கேட்கும் வசதி 2015 திசம்பரில் வெளிவந்த 1.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதைக் கேட்டுத் தந்தபோது 'மதத' என்று வந்தது. 'சிப்பி' என்பதற்கு 'சபப'. 'சங்கு' என்பதற்கு 'சஙக'.

உயிர்மெய்யிலிருந்து உயிர் போய்விட்டது. மெய்யிலிருந்து புள்ளி போய்விட்டது. எஞ்சி நின்றவை அகரமேறிய எழுத்துகள் மட்டுமே. மாணவர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அன்று மாலையே அடுத்த இடர் வந்தது. தூண்டில் என்ற சொல்லை ஏற்றிவிட்டு, தோணியின் தலைவரைக் குறிக்கும் தண்டல் என்ற சொல்லை ஏற்ற முயன்றபோது, அது முன்பே இருக்கிறது என்று மறுத்துவிட்டது தளம். இரண்டுமே அதற்கு 'தணடல'. பாறைத்திட்டாகிய பாரும் பாரை மீனும் 'பர' ஆயின. வாடைக் காற்றும், மீன் உலர்த்தும் வாடியும் 'வட'. எல்லாவற்றிலும் கொடியது, முத்தும் மத்தியும் ஒன்றானது. நம் கரையில் சாளை என்றே பெரிதும் வழங்கும் மீனுக்கு மத்தி என்ற பெயரும் உண்டு. மத்தியை ஏற்றப்போனால் 'மதத' முன்பே இருக்கிறது என்கிறது. சாளையையும் முத்தையும் ஒரே விலைக்கு நிறுக்கும் வணிகரை இக்கரை இதற்குமுன் கண்டதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன், எல்லாவற்றையும் தானே எழுதவேண்டும் என்று முதலில் வாதிட்டானே, அவன்தான். ஜாங்கோவின் நிரல் மறைக்கப்பட்டதன்று. யாரும் திறந்து படிக்கலாம். இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்து, ஒரு வரியைக் கொண்டுவந்து காட்டினான். சொல்லில் வரத்தக்க எழுத்து எது, வரத்தகாதது எது எனப் பைத்தான் மொழியிடம் கேட்டு, தகாதவற்றைக் களையும் வரி அது. பைத்தானின் அச்சோதனை எழுத்தையும் எண்ணையும் மட்டுமே ஏற்கிறது. யூனிக்கோடு பட்டியலிலோ 'க' என்பது எழுத்து. அதன்மேல் வரும் 'ி', 'ு', புள்ளி ஆகியன எழுத்தல்ல, எழுத்தோடு சேரும் குறிகள். எனவே அவை களையப்படுகின்றன. முத்து என்பதில் மு, த், து என மூன்றெழுத்து என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். கணினிக்கு அது ஆறு: ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி. எழுத்து என்றால் என்ன என்ற கேள்வியில் தொல்காப்பியம் தொடங்குவதைக் காட்டி, 'இதைப் போய் ஒரு அதிகாரமா எழுதியிருக்காங்களே ஐயா' என்று சலித்துக்கொள்ளும் மாணவர் அன்று நம்மோடு ஒன்றரை மணி நேரம் எழுத்ததிகாரம் பேசினர்.

ஓலைச்சுவடியிலும் புள்ளி இடுவதில்லையே என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். உண்மை. ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டனர். எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடும் எழுத்தில் தெளிவாக இல்லை. ஆனால் சுவடியைப் படித்தவர் தமிழறிந்தவர். இடம் நோக்கித் தாமே புள்ளி வைத்துப் படித்துக்கொண்டார். இயந்திரம் அவ்வாறு படிப்பதில்லை.

இவ்விடத்தில் இக்கரையின் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த போர்த்துக்கேயப் பாதிரியார் அன்றிக்கு அடிகளார் தமிழில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்க்காக, அவர்கள் பொருளுதவியோடு செய்யப்பட்டது. அச்சு எந்திரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காகிதத்தில் மையை ஒற்றும் முறையும், எழுத்துகளைக் கோத்து இறுக்கும் முறையும் அங்கிருந்து வந்தவை. அதனை இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க முயலவில்லை. ஆனால் தமிழ் எழுத்தை எந்திரத்தோடு யாரும் அனுப்பித் தரவில்லை. அதை வார்த்தே ஆகவேண்டியிருந்தது. கோவாவில் 1577-இல் வார்த்தவை சரியாக அமையாததால் கொல்லத்தில் 1578-இல் மீண்டும் வார்த்தனர். இருவகை எழுத்துகளையும் அந்நூலில் காணலாம். எந்திரம் இரவல், எழுத்து சொந்தம் என்ற அதே நிலைதான் நம் மாணவர்க்கும் நேர்ந்தது. நான்கரை நூற்றாண்டுக்குப் பிறகும் இரவல் எந்திரம் நின்றுபோகும் இடம் மாறவில்லை என்பதில் நமக்கு வியப்பும் உண்டு, சற்று வருத்தமும் உண்டு.

மாணவர் அந்த ஆயத்தச் செயற்கூற்றை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒன்று எழுதினர். தமிழ்க் குறிகளையும் எழுத்தோடு சேர்த்து ஏற்குமாறு செய்தது, இருபது வரிக்கும் குறைவு.

அடுத்தது அகரவரிசை. ஏற்றிய சொற்களைத் தளம் வரிசைப்படுத்திக் காட்டியபோது, கடல் முன்னே நிற்க, கட்டுமரம் பின்னே வந்தது. எந்தத் தமிழ் அகராதியிலும் ட் என்னும் மெய் முன்னும், ட என்னும் உயிர்மெய் பின்னும் வரும். ஆகவே கட்டுமரத்துக்குப் பிறகே கடல். வழிவலைக்கு முன்னால் வள்ளம் வந்து நின்றது. மாணவர்க்கு இது பிழையாகவே தோன்றவில்லை. கூகுளில் தேடிப் பழகிய தலைமுறைக்கு அகரவரிசையில் விரலோட்டிச் சொல் தேடும் பழக்கம் இல்லை. க ங ச ஞ என்று தொடங்கி ழ ள ற ன என்று முடியும் வரிசையைச் சொல்லச் சொன்னோம். நால்வரில் இருவர் நடுவில் நின்றுவிட்டனர்.

கணினியின் வரிசை எங்கிருந்து வந்தது? யூனிக்கோடு இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியபோது 1988-இன் இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றியது. அம்முறை தேவநாகரியை அடிப்படையாகக் கொண்டு, எல்லா மொழி எழுத்துகளையும் அதற்கு நேர்நேராக அடுக்கியது. ஆகவே நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம், ளகரத்துக்குப் பின் ழகரம். நடுநடுவே வெற்றிடங்கள். புள்ளிக்கு இடம் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அவ்வெண்களின் ஏறுவரிசையில் அடுக்கினால் நம் நெடுங்கணக்கு கிடைக்காது. தேவநாகரியின் சட்டகத்தில் தமிழை வைத்தவர்கள் நம்மைக் கேட்டு வைக்கவில்லை என்று இன்று நொந்து பயனில்லை.

இதற்குத் தீர்வு முன்பே இல்லாமல் இல்லை. தமிழ் அகரவரிசையைக் கேட்டுப் பெறத்தக்க தரவுத்தளங்கள் உள்ளன. ஜாங்கோவிலும் 2021-இல் வந்த 3.2 பதிப்பு முதல், எவ்வரிசை வேண்டும் என்று தரவுத்தளத்திடம் சொல்லும் வழி உண்டு. ஆனால் மாணவரின் தளம் ஆய்வகத்துப் பழைய கணினியொன்றில் எளிய தரவுத்தளத்தோடு இயங்கியது. எனவே மாணவி வேறு வழி கண்டாள். பைத்தானில் தமிழுக்கென முத்தையா அண்ணாமலை முதலியோர் ஆக்கித் தந்துள்ள 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பைக் கொண்டு, சொல்லை முறையான தமிழ் எழுத்துகளாகப் பிரித்தாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும், கிரந்த எழுத்துகளுக்கும் வரிசை எண் தந்து ஓர் அட்டவணை செய்தாள். அவ்வட்டவணையை நாம்தான் கையால் எழுதிக் கொடுத்தோம். ஆய்தத்தை ஔகாரத்துக்குப் பின் வைப்பதில் மட்டும் சற்று விவாதம் நடந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவ்வெண்களைக் கோத்த மறைபுலம் ஒன்றை அமைத்து, அதன்படி அடுக்கச் செய்தாள். கட்டுமரம் முன்னே வந்தது. கடல் பின்னே போனது.

இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைத்தது எப்படி? கடவுச்சொல்லும் படிவமும் பட்டியலும் ஆயத்தமாக இருந்ததால். வாரத்தில் இரண்டு மாலைகள் அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நாமும் சில நாள் உடன் சென்றோம். குளியாளாக இருந்த முதியவர் ஒருவர், மாணவி நீட்டிய செல்பேசியைப் பார்த்துவிட்டு, "ஏளா, இதுல நான் பேசுறது நான் போன பொறவும் பேசுமா?" என்று கேட்டார். பேசும் தாத்தா என்றாள். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கேளாமலே, காற்றுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். ஒவ்வொன்றுக்கும் கை ஒரு திசையைக் காட்டியது. ஒலிப்பதிவில் கை விழாது என்று மாணவி குறிப்பேட்டில் திசையைக் கோடாக வரைந்துகொண்டாள். கலங்கிய நீரில் சிப்பியைக் கண்ணால் தேடுவதில்லை, விரலால் தேடுவது என்று அவர் சொன்னதை எந்தப் புலத்தில் ஏற்றுவது என்று அன்றிரவு நால்வரும் வாதிட்டதாக மறுநாள் அறிந்தோம். 'குறிப்பு' என்றொரு புலம் புதிதாகச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வருவோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிரல் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தார். மற்றக் குழுக்களின் பின்னிணைப்பில் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. இவர்களுடையது அதில் கால்பங்கும் இல்லை. "எல்லாவற்றையும் ஜாங்கோ செய்துவிட்டதே. இதில் நீங்கள் செய்தது என்ன?" என்றார். மாணவன் பதில் சொல்லாமல், ஒரு வெறும் ஜாங்கோ தளத்தைத் திறந்து தூண்டில், தண்டல் இரண்டையும் ஏற்றிக் காட்டினான். இரண்டாவதைத் தளம் மறுத்தது. பிறகு தங்கள் தளத்தில் ஏற்றினான். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். "சிறிய பிழைதிருத்தம்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். மதிப்பெண் நடுத்தரமாகவே வந்தது. நூறு பக்கம் எழுதிய மருந்துக்கடைக் கணக்குக்கு அதைவிடக் கூடுதல்.

பாட்டை அடியெண்ணி மதிப்பிடும் புலவரைப் பார்த்துச் சிரிக்கும் நாம், நிரலை வரியெண்ணி மதிப்பிடுவதை ஏன் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரியவில்லை. அதேவேளை தேர்வாளரின் ஐயத்தை முற்றும் தள்ளிவிடவும் முடியாது. சட்டகத்தை எடுத்து, படத்தையும் தலைப்பையும் மாற்றிவிட்டுத் தம் படைப்பென்று காட்டும் மாணவரும் உண்டு. அதனைத் தேர்வாளர் ஆண்டுதோறும் பார்க்கிறார். அத்தகையோர்க்குப் பிறர் செய்த சட்டகம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பது கடைசிவரை தெரியாது. நம் மாணவன் அதனைத் திறந்து படித்தான். அவன் படித்ததற்கு, சொந்தமாக எழுதவேண்டும் என்ற அவனது பழைய வீம்பே காரணம் என்பது நம் கணிப்பு. அவ்வீம்பு இல்லாதிருந்தால், முகவரியில் சொல் வேண்டா, எண் போதும் என்று நால்வரும் நகர்ந்திருப்பார்கள். முத்து 41 என்றும் மத்தி 42 என்றும் ஆகியிருக்கும்.

தளம் இப்போது ஆய்வகக் கணினியில் இருக்கிறது. நால்வரும் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். மாணவி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துள்ளாள். சட்டகம் இரவல் என்பதால் வரும் ஒரு பொறுப்பும் உண்டு. ஜாங்கோவின் பதிப்புகளுக்குக் காலவரையறை இருக்கிறது. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புக்கும் மூன்றாண்டு அளவில் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும். மாறும்போது மாணவர் எழுதிய அந்த இருபது வரி அப்படியே ஓடுமா என்பதை யாரேனும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவ்வாண்டு வந்துள்ள இருவரிடம் அவ்வேலையைக் கணினித் துறை நண்பர் ஒப்படைத்திருக்கிறார். முதல் வாரம் முழுவதும் அவர்கள் பழைய நிரலைப் படிப்பதிலேயே கழிந்தது. 'இந்த அட்டவணை எதற்கு ஐயா, இருநூற்று நாற்பத்தேழு வரி?' என்று கேட்டுக்கொண்டு நம் அறைக்கு வந்தனர். நன்னூலை எடுத்து மேசைமேல் வைத்தோம்.

காற்றின் பெயர்களில் ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. ஒரே பெயர் ஊருக்கு ஊர் சற்றே வேறு திசையைக் குறிக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என அமைந்த புலத்தை, ஒரு சொல்லுக்கு ஊர்தோறும் ஒரு பொருள் என மாற்ற வேண்டும். ஜாங்கோவில் அது ஒரு நாள் வேலை என்கின்றனர் புதியவர். மணப்பாடு, வேம்பார், புன்னைக்காயல் மூன்று ஊர்களுக்கும் போய்க் கேட்டு வருவதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்டோம். அடுத்த சனிக்கிழமை வேம்பாரில் தொடங்குவதாக இருக்கிறார்கள்.